வட்டம் யார் தலையில்?

திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவில் கிரிவலம் போனவர்களுக்கு அந்தக் குரல் பழகியிருக்கும். ராஜகோபுரத்துக்கு எதிரே கற்பூரமும் அகல்விளக்கும் பரப்பிவைத்த தட்டுக்கடை. பூக்கூடைக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி. யாரோ போனை நீட்டி க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்கிறார். கூட்ட நெரிசலில் சிக்னல் கிடைக்காமல் திரை சுற்றிக்கொண்டே இருக்கிறது. “சாமி, கொஞ்சம் நில்லுங்க, இன்னும் சத்தம் வரல” என்கிறார் கடைக்காரம்மா. விளக்கைக் கையில் வாங்கியவர் நகர முடியாமல் நிற்கிறார். பின்னால் வருகிறவர்கள் அவரை இடித்துக்கொண்டு போகிறார்கள். சற்றுப் பொறுத்து, 20 ரூபாய் வந்துவிட்டதாகப் பெட்டி அறிவிக்கிறது.

அந்த 20 ரூபாய் குறையாமல் 20 ரூபாயாகவே அவர் கணக்கில் சேர்கிறது. அதே ஊரில் செங்கம் சாலைப் பக்கம், மாடியறைகளை யாத்ரிகர்களுக்கு வாடகைக்கு விடுபவர் ஒருவர் தன் இணையதளம் வழியாக 3,000 ரூபாய்க்கு முன்பதிவு பெற்றால், வங்கியில் விழுவது பெரும்பாலும் 2,929 ரூபாய் 20 காசு. வெளிநாட்டு மாணவிக்கு இணையவழி யோகா சொல்லித்தரும் ஆசிரியருக்கு 100 டாலர் வந்தால், டாலர் 85 ரூபாய் என்ற கணக்கில் 8,500 ரூபாய் ஆக வேண்டிய தொகை 8,000-ஐக்கூட எட்டுவதில்லை. மூன்றுமே போனில் வந்த பணம்தான். ஒன்றில் பிடித்தமே இல்லை. இன்னொன்றில் நூற்றுக்கு 2 ரூபாய் 36 காசு. மூன்றாவதில் நூற்றுக்கு ஏழு ரூபாய்க்கும் மேல். அண்ணாமலையார் கோயிலுக்கு நான்கு திசையிலும் கோபுர வாசல் இருப்பதுபோல இணையப் பணத்துக்கும் பல வாசல்கள் உண்டு. பணம் எந்த வாசலால் உள்ளே வந்தது என்பதுதான் பிடித்தத்தை முடிவுசெய்கிறது. பணம் பெறுபவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை என்பதே இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

பணத்தைக் கைமாற்றித் தருவதற்குக் கூலி வாங்குவது நமக்குப் புதிதல்ல. நாணயம் மாற்றுவதற்கும் உண்டியல் எனப்பட்ட பணமாற்றுச் சீட்டைக் காசாக்குவதற்கும் பிடிக்கும் கழிவுக்குத் தமிழில் ‘வட்டம்’ என்றே தனிச்சொல் இருந்தது. வட்டியைக் காப்பாற்றி வைத்துக்கொண்ட நாம் வட்டத்தை மறந்துவிட்டோம். ஆனால் பழக்கம் மறையவில்லை. கிரிவலப் பாதையில் சாதுக்களுக்குப் போடச் சில்லறை வேண்டுமென்று நூறு ரூபாய் நோட்டை நீட்டினால், சில ரூபாய் குறைத்துக்கொண்டு நாணயக்கட்டைக் கையில் தருபவர்களைப் பல பௌர்ணமிகளில் பார்த்திருக்கிறேன். அது வட்டம்தான். எவ்வளவு போகிறது என்பது கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் கண்ணெதிரே தெரியும்.

மணியார்டரும் அப்படித்தான் இருந்தது. 1880-இல் இந்திய அஞ்சல்துறை தொடங்கிய அந்தச் சேவையில், கடைசிக் காலத்தில் 20 ரூபாய்க்கு ஒரு ரூபாய் கமிஷன், அதாவது 5 விழுக்காடு. இன்றைய உள்நாட்டு இணையக் கட்டணங்களோடு ஒப்பிட்டால் அது குறைவல்ல. ஆனாலும் யாரும் ஏமாந்ததாக நினைக்கவில்லை. காரணம், கமிஷனை அனுப்புபவர் அஞ்சலகத்திலேயே எண்ணிக் கொடுத்தார். ஆசிரமத்துக்கோ அம்மாவுக்கோ 100 ரூபாய் அனுப்பினால் தபால்காரர் முழு 100 ரூபாயை எண்ணித் தந்து கையெழுத்து வாங்கினார். இணையப் பணம் இந்த வழக்கத்தைத் தலைகீழாக்கிவிட்டது. வட்டம் அனுப்புபவர் தலையிலிருந்து பெறுபவர் தலைக்கு மாறியது; கண்ணெதிரே எண்ணிய கமிஷன் மாதக் கடைசி அறிக்கையின் ஒரு வரியாகச் சுருங்கியது. விழுக்காடு கூடியதா குறைந்ததா என்பதைவிட இந்த இடமாற்றம்தான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

இந்த இடமாற்றம் கார்டோடு தொடங்கியது. கடையில் கார்டைத் தேய்த்தால், வணிகர் பெறும் தொகையிலிருந்து ஒரு பங்கு கழிக்கப்படுகிறது. வங்கி வட்டாரத்தில் இதை எம்டிஆர் என்கிறார்கள். ஒருவருக்கே போகிற பணமல்ல அது. பெரும்பங்கு கார்டைக் கொடுத்த வங்கிக்குப் போகிறது. நடுவில் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலையமைப்புக்கு ஒரு சிறு பங்கு. மிச்சம் கடைக்கு மெஷின் கொடுத்த வங்கிக்கும் அதன் கூட்டாளிக்கும். டெபிட் கார்டுக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு விதித்திருக்கிறது. 2012-இல் 2,000 ரூபாய் வரை 0.75 விழுக்காடு, அதற்குமேல் 1 விழுக்காடு என்றது. 2018 ஜனவரி 1 முதல் கடையின் அளவைப் பார்த்து வரம்பு வகுத்தது: ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்கு உட்பட்ட சிறுகடைக்கு மெஷினில் 0.40 விழுக்காடு, க்யூஆர் வழியாக வந்தால் 0.30, பெரிய கடைக்கு 0.90, 0.80. இந்த 0.30 என்ற எண்ணுக்குப் பிறகு திரும்ப வருவேன். கிரெடிட் கார்டுக்கோ இப்படி வரம்பு எதுவும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் சட்டம் போட்டு, கார்டு கொடுத்த வங்கிக்குப் போகும் பங்கை டெபிட்டுக்கு 0.2, கிரெடிட்டுக்கு 0.3 விழுக்காட்டில் நிறுத்தியது. நாம் கிரெடிட் கார்டு பக்கம் இன்னும் போகவில்லை.

யுபிஐ வந்த கதை எல்லோரும் அறிந்ததே. 2016 ஏப்ரலில் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் அறிமுகப்படுத்தியது. அவ்வாண்டு நவம்பர் 8 இரவு செல்லாக்காசு அறிவிப்பு அதைத் தெருவுக்கு இழுத்துவந்தது. கட்டண வரலாற்றில் பெரிய நாள் 2020 ஜனவரி 1. பணப்பட்டுவாடா முறைமைகள் சட்டத்தில் 10ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்து, ரூபே டெபிட் கார்டுக்கும் யுபிஐக்கும் வங்கியோ முறைமையை நடத்துபவரோ, கொடுப்பவரிடமும் வாங்குபவரிடமும் எந்தக் கட்டணமும் வசூலிக்கக் கூடாது என்றாயிற்று. அதற்குப் பிறகும் சில வங்கிகள் வசூலித்ததால், அந்நாள் முதல் பிடித்ததைத் திருப்பிக் கொடுங்கள் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் அதே ஆண்டு ஆகஸ்டில் சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. ராஜகோபுரத்தடியில் அந்த 20 ரூபாய் முழுதாக வந்ததற்கு இந்தச் சட்டமே காரணம்.

கட்டணம் இல்லை என்றால் செலவும் இல்லை என்று ஆகிவிடாது. ஒருமுறை ஸ்கேன் செய்தால் என்னென்ன நடக்கிறது என்று பாருங்கள். பக்தரின் செயலி தன் கூட்டாளி வங்கிக்குச் சொல்கிறது. அது கழகத்தின் சர்வருக்குச் சொல்கிறது. சர்வர் பக்தரின் வங்கியிடம் பணத்தைக் கழிக்கச் சொல்கிறது, பிறகு கடைக்காரரின் வங்கியிடம் வரவு வைக்கச் சொல்கிறது. பதில்கள் வந்த வழியே திரும்புகின்றன. 2025 ஆகஸ்டில் மட்டும் இப்படி 2,000 கோடி முறைக்கு மேல் நடந்தது. ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் வெளியிட்ட கட்டணங்கள் பற்றிய விவாத அறிக்கை, சராசரியாக 800 ரூபாய் கைமாறும் ஒரு யுபிஐ பரிவர்த்தனைக்கு எல்லாத் தரப்புக்கும் சேர்த்து சுமார் 2 ரூபாய் செலவாகிறது என்று கணக்கிட்டது. அறிக்கை வந்த சில நாள்களிலேயே யுபிஐக்குக் கட்டணம் விதிக்கும் எண்ணமில்லை என்று நிதியமைச்சகம் அறிவித்தது. 2025 ஜூனில் மறுபடி வதந்தி கிளம்ப, மறுபடி மறுத்தது.

அப்படியானால் அந்த 2 ரூபாயை யார் தருகிறார்கள்? ஒரு பகுதியை மத்திய அரசு ஊக்கத்தொகையாக வங்கிகளுக்குத் தருகிறது. 2023-24-க்கு ரூபே டெபிட் கார்டையும் சேர்த்து 3,631 கோடி ரூபாய். 2024-25-க்கான யுபிஐ திட்டத்துக்கு 2025 மார்ச்சில் அமைச்சரவை ஒதுக்கியது சுமார் 1,500 கோடி. சிறுகடையில் 2,000 ரூபாய்க்கு உட்பட்ட பரிவர்த்தனைக்கு மட்டும் 0.15 விழுக்காடு. இதைக் கற்பூரத்துக்குப் பொருத்திப் பார்த்தால் சிக்கல் புரியும். 20 ரூபாய்க்கு 0.15 விழுக்காடு என்பது 3 காசு. 800 ரூபாய்க்கு ஒரு ரூபாய் 20 காசு. ஆனால் சர்வருக்கு 20 ரூபாயும் 800 ரூபாயும் ஒரே அளவு வேலைதான். ஊக்கத்தொகை பணத்தின் மதிப்பைப் பார்த்து வருகிறது. செலவோ எண்ணிக்கையைப் பார்த்து ஏறுகிறது. ஆகவே கற்பூரம், பூ, சுக்குக்காபி, இளநீர் என்று சின்னச் சின்னத் தொகைகளாக ஓடும் கிரிவலப் பாதை போன்ற இடங்கள், பணத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் நிறுவனங்களுக்குக் கணிசமான நட்டம் தரும் இடங்கள்.

நட்டத்தை அவை எங்கே ஈடுகட்டுகின்றன என்று தேடினால், நாம் முதலில் பார்த்த பெட்டியில் வந்து நிற்கிறோம். சவுண்ட்பாக்ஸ் இலவசமல்ல. மாத வாடகை 100 ரூபாய்க்கு முன்பின் இருக்கிறது. அதை வேண்டாமென்று கடைக்காரம்மா எளிதில் சொல்லிவிட முடியாது. நெரிசலில் பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஒரு கையில் விளக்குத் தட்டும் மறு கையில் சில்லறையுமாக நிற்பவர் குறுஞ்செய்தியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது. காதில் விழும் சத்தம்தான் அவருக்கு ரசீது. இப்போது ஒரு கணக்கு. மாதம் 20,000 ரூபாய் க்யூஆர் வழியாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாடகை 100 ரூபாய் என்றால் அது 0.5 விழுக்காடு. கட்டணம் இருந்த காலத்தில், 2018-இல், சிறுகடையின் க்யூஆர் வரவுக்கு ரிசர்வ் வங்கி வைத்த உச்சவரம்பு 0.30 விழுக்காடு, இதே வரவுக்கு 60 ரூபாய். ஆக, கட்டணமே இல்லாத காலத்தில் இந்தக் கடை கட்டணம் இருந்த காலத்தின் உச்சவரம்பைவிட 40 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறது. மாத வரவு 33,333 ரூபாயைத் தாண்டினால்தான் வாடகை அந்தப் பழைய வரம்புக்குக் கீழே இறங்கும். பௌர்ணமிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் மட்டும் கடை விரிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் மோசம். கடை மூன்று நாள், வாடகை முப்பது நாள்.

யுபிஐ முழுக்கப் பூஜ்யம் என்பதிலும் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. 2022 முதல் ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயோடு இணைக்கலாம். பட்டுப்புடவைக் கடையில் வாடிக்கையாளர் ஸ்கேன் செய்வது அதே க்யூஆர்தான், ஆனால் பணம் கிரெடிட் கார்டிலிருந்து வந்தால் வணிகருக்குப் பிடித்தம் உண்டு. சிறுகடையில் 2,000 ரூபாய் வரை மட்டும் விலக்கு. அதேபோல, முன்கூட்டிப் பணம் ஏற்றிவைத்த வாலட்டிலிருந்து யுபிஐ வழியாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 1.1 விழுக்காடு வரை பரிமாற்றக் கட்டணம் என்று 2023 ஏப்ரல் முதல் விதி. அன்று ‘யுபிஐக்குக் கட்டணம் வந்துவிட்டது’ என்று ஊரெல்லாம் பேச்சு. வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போகும் பணத்துக்கு அது பொருந்தவில்லை.

மாடியறைக்காரர் விவகாரம் வேறு. அவர் இணையதளத்தில் பணம் வாங்குவது பேமென்ட் கேட்வே மூலம். கேட்வே கார்டு, நெட்பேங்கிங், யுபிஐ எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் வாங்கி, ஒன்றிரண்டு வேலை நாளில் கணக்கில் போட்டுவிடும். உள்நாட்டுப் பணத்துக்குப் பொதுவாகப் பேசப்படும் கட்டணம் 2 விழுக்காடு. அந்தக் கட்டணத்தின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. 3,000 ரூபாய்க்கு 60 ரூபாய், அதன்மேல் வரி 10 ரூபாய் 80 காசு, மொத்தம் 70 ரூபாய் 80 காசு. வரி அறைவாடகைக்கு அல்ல, கட்டணத்துக்கு மட்டும் என்பது பலருக்கும் குழப்பம். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் இந்த 10 ரூபாய் 80 காசை உள்ளீட்டு வரியாக வரவு எடுத்துக்கொள்ள 2025 செப்டம்பர் வரை முடிந்தது. பதிவில்லாத சிறியவருக்கு அது கைவிட்டுப் போன பணம். பரிவர்த்தனை 2,000 ரூபாய்க்கு உட்பட்டிருந்தால், ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் இயங்கும் பேமென்ட் அக்ரிகேட்டர் நிறுவனங்களின் கட்டணத்துக்கும் வரிவிலக்கு உண்டு என்று 2024 டிசம்பரில் ஜிஎஸ்டி மன்றம் தெளிவுபடுத்தியது.

வாடகையை விருந்தினர் யுபிஐயில் கட்டினாலும் கேட்வே கட்டணம் போகிறதே, சட்டம் என்னாயிற்று என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. யுபிஐக்கு எம்டிஆர் பூஜ்யம்தான். கேட்வே வாங்குவது தன் தளத்தைப் பயன்படுத்தும் கூலி, அதற்கு ‘பிளாட்ஃபார்ம் கட்டணம்’ என்று பெயர். பெயர் மாறியதும் வாசலும் மாறிவிடுகிறது. ரயில் டிக்கெட்டில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். ஐஆர்சிடிசி 2019 செப்டம்பர் முதல் வாங்கும் வசதிக் கட்டணம் பயணியிடமிருந்தே வருகிறது: ஏசி இல்லாத வகுப்புக்கு 15 ரூபாய், ஏசிக்கு 30, யுபிஐயில் கட்டினால் 10, 20. அங்கே கட்டணத்தைத் திரையிலேயே பார்த்துவிட்டுக் கட்டுகிறோம். மணியார்டரின் நேர்மை அதில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

கேட்வேயில் ஆளை உண்மையில் நோகடிப்பது ரத்து. தீபத்துக்கு அறை கேட்டவர் கடைசி நேரத்தில் வர முடியாமல் போகிறார். அவருக்கு முழு 3,000 ரூபாயைத் திருப்பித் தருவதுதான் மரியாதை. ஆனால் வந்தபோது பிடித்த கட்டணத்தைக் கேட்வேக்கள் வழக்கமாகத் திருப்பித் தருவதில்லை. 2,929 ரூபாய் 20 காசு வாங்கியவர் 3,000 ரூபாய் கொடுக்கிறார். நடக்காத வியாபாரத்துக்கு 70 ரூபாய் 80 காசு கைப்பணம் போகிறது. பத்துப் பேர் ரத்து செய்தால் 708 ரூபாய். இந்த ஒரு விதி மாறினாலே சிறிய விடுதிக்காரர்களுக்குப் பெரிய நிம்மதி.

திருவண்ணாமலையில் வெளிநாட்டுப் பணம் தனி அத்தியாயம். 1896 செப்டம்பர் 1 அன்று இங்கே வந்து இறங்கி, கையில் மிச்சமிருந்த பணத்தையும் எறிந்துவிட்ட, பின்னாளில் ரமணரான ஒரு சிறுவனைத் தேடித்தான் இன்றும் உலகின் பல மூலைகளிலிருந்து மக்கள் ரமணாசிரமம் வருகிறார்கள். வந்து தங்கித் திரும்பிப் போன பிறகும் உறவு தொடர்கிறது: ஒருவர் இணையத்தில் யோகா கற்கிறார், ஒருவர் கைவினைப் பொருள் வரவழைக்கிறார், ஒருவர் சமஸ்கிருதமோ தமிழோ படிக்கிறார். பணம் டாலரிலும் யூரோவிலும் வருகிறது.

இதில் பரவலாகத் தெரிந்த வழி பேபால். 2021 ஏப்ரலோடு இந்தியாவுக்குள்ளான சேவையை நிறுத்திவிட்டு வெளிநாட்டு வரவை மட்டும் பார்க்கிறது. வணிக வரவுக்கு அதன் கட்டணம் 4.4 விழுக்காடு, அதோடு டாலர் வரவு ஒவ்வொன்றுக்கும் 30 சென்ட் நிரந்தரத் தொகை. 100 டாலரில் 4 டாலர் 70 சென்ட் போய் மிச்சம் 95 டாலர் 30 சென்ட். கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான். அடுத்தது ரூபாயாக மாற்றும் இடம். சந்தையில் ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாற்றும்போது அதில் 3 விழுக்காடு குறைத்தாலே 82 ரூபாய் 45 காசுதான் கிடைக்கும். கையில் வருவது சுமார் 7,857 ரூபாய். 8,500-இல் 643 ரூபாய் போயிற்று. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ‘கட்டணம்’ என்ற பெயரே இல்லாமல் போனது. பழைய வட்டம் இதேதான், மாற்றுவிகிதத்துக்குள் ஒளிந்துகொண்டுவிட்டது. யோகா ஆசிரியர்கள் அறிக்கையில் பார்க்க வேண்டிய முதல் வரி கட்டணமல்ல, அன்றைய மாற்றுவிகிதம்.

நிரந்தரத் தொகையும் சின்ன வரவுகளைத்தான் அரிக்கிறது. 5 டாலர் வகுப்புக்கு 30 சென்ட் என்பது மட்டுமே 6 விழுக்காடு. வாரம் ஒருமுறை ஐந்தைந்தாக வாங்காமல் மாதத்துக்கு ஒரேயடியாக 20 டாலர் வாங்கினால் அந்தத் தொகை ஒருமுறைதான் போகும்; 90 சென்ட் மிச்சம். வங்கி வழியாக நேராக அனுப்பச் சொன்னால், அனுப்புபவர் படிவத்தில் கட்டணம் யாருடையது என்று தேர்வுசெய்யும் கட்டம் இருக்கிறது: முழுதும் அனுப்புபவர், முழுதும் பெறுபவர், இருவரும் பகிர்வது. ‘முழுதும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று முன்கூட்டிச் சொல்ல நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். மணியார்டர் காலத்தில் அந்தக் கூச்சம் தேவைப்படவே இல்லை.

சொந்தங்கள் அனுப்பும் பணத்தில் நிலைமை தேறிவருகிறது. 2023 பிப்ரவரி 21 அன்று சிங்கப்பூரின் பேநவ்வும் நம் யுபிஐயும் இணைக்கப்பட்டன. அங்கிருக்கும் தம்பி இங்கிருக்கும் அக்காவின் கணக்குக்குப் போன் வழியாக அனுப்பலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் தொடக்கத்திலேயே இதில் சேர்ந்தவை. வெளிநாட்டிலிருந்து அனுப்பும் செலவை 2030-க்குள் 3 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐக்கிய நாடுகள் சபையின் இலக்கு. உலகச் சராசரி இன்னும் அதைப்போல இருமடங்குக்கு மேல் நிற்கிறது. நன்கொடைக்கோ வேறு விதி. வெளிநாட்டவர் நன்கொடை பெறும் எந்த அறக்கட்டளையும், 2020 சட்டத்திருத்தப்படி, அதைப் புதுதில்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் பெற வேண்டும். ஊரில் ஒரு க்யூஆர் அட்டையை மாட்டிவைத்து வாங்கிவிட முடியாது.

சிறுகடைக்கு யுபிஐ கட்டணமில்லாமல் இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த வசதி வந்த பிறகுதான் விளக்கு விற்பவருக்கு வங்கியோடு தினசரி உறவு ஏற்பட்டது. ஆனால் பெரிய நகைக்கடைக்கும் சங்கிலிக் கடைகளுக்கும் அதே பூஜ்யம் ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. பிரேசில் 2020 நவம்பரில் தொடங்கிய பிக்ஸ் முறையில் தனிமனிதருக்குக் கட்டணமில்லை, வணிகர் கொஞ்சம் கொடுக்கிறார். சராசரி 0.22 விழுக்காடு என்று பன்னாட்டுத் தீர்வு வங்கி கணித்தது. அங்கே டெபிட் கார்டுக்கு ஆகும் 1 விழுக்காட்டுக்கும் மேலான செலவோடு பார்த்தால் அது சொற்பம். பெரிய வணிகர் அந்த அளவு கொடுத்தால் சிறியவரின் பெட்டி வாடகையை நீக்கப் பணம் கிடைக்கும். பெட்டி இல்லாமல் யுபிஐ வியாபாரம் நடக்காது என்ற நிலையில், வாடகையும் கட்டணம்தான். 10ஏ பிரிவு அதையும் பார்த்தாக வேண்டும். கேட்வே அறிக்கைகள் தமிழில் வேண்டும்: கட்டணம் எவ்வளவு, வரி எவ்வளவு, எந்த வழியில் வந்த பணம் என்று வரவு வாரியாக.

விதிகள் மாறும்வரை மாடியறைக்காரர் ஒரு வேலை செய்யலாம். முன்பதிவுக்கு இணையத்தில் 500 ரூபாய் மட்டும் வாங்கிக்கொள்வது. மிச்சம் 2,500 ரூபாயை விருந்தினர் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்த பிறகு, திண்ணையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையில் வாங்குவது. அப்போது கேட்வே எடுப்பது 10 ரூபாய், வரிவிலக்கு பொருந்தாத இடத்தில் 11 ரூபாய் 80 காசு. ரத்தானாலும் நட்டம் அவ்வளவோடு நிற்கும். மழை பெய்து பாதிப் பேர் வராமல்போன தீபத்திலும் அந்தத் தொகையை அவர் நோட்டில் எழுதிவிட்டுத் தூங்கப்போகலாம்.